கோஸில் என்ன இருக்கிறது?

முட்டைக்கோஸ் வெறும் தண்ணீர், அதில் சத்தே கிடையாது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். தைராய்டு இருந்தால் தொடவே கூடாது என்று இன்னொரு பக்கம். போதாக்குறைக்கு அதிலிருக்கும் புழு மூளைக்கு ஏறிவிடும் என்று ஒரு பயம். விலை குறைவு என்று அடிக்கடி வாங்கும் காயை வீட்டில் எல்லோருக்கும் நம்பிக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

தாராளமாகக் கொடுக்கலாம். கோஸ் நல்ல காய். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அடுப்புதான்.

தண்ணீர் என்று சொல்வதில் பொய் இல்லை. 100 கிராம் பச்சைக் கோஸில் ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர்தான். கலோரி 25 தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து 6 கிராமுக்குள், நார்ச்சத்து இரண்டரை கிராம், புரதம் ஒன்றேகால் கிராம். இரும்புச்சத்து அரை மில்லிகிராம், அதாவது கணக்கில் கொள்ள வேண்டாத அளவு. வைட்டமின் ஏ சொற்பம். இவற்றுக்காகக் கோஸை வாங்குபவர் ஏமாந்துதான் போவார்.

கோஸின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதே 100 கிராமில் சுமார் 35 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். ஆக, 100 கிராம் பச்சைக் கோஸிலேயே பாதித் தேவை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. ஆப்பிளில் இதே எடைக்கு 5 மில்லிகிராம்கூட இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிற நாம், கோஸைச் சாதா காய் என்று ஒதுக்குகிறோம்! நெல்லிக்காயும் கொய்யாவும் இதில் கோஸை எங்கேயோ தாண்டிப் போகும், அது வேறு விஷயம். ஆனால் அவை வருடம் முழுக்க, எல்லா ஊரிலும், கோஸ் விலைக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது வைட்டமின் கே. 100 கிராமில் சுமார் 76 மைக்ரோகிராம். பெரியவர்களின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் இது. அடிபட்டால் ரத்தம் உறைவதற்கு இந்த வைட்டமின் வேண்டும். ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் 43 மைக்ரோகிராம், பொட்டாசியம் 170 மில்லிகிராம், கால்சியம் 40 மில்லிகிராம். கால்சியம் குறைவாகத் தெரியலாம். ஆனால் பசலைக்கீரை வகைகளில் நிறைய இருக்கிற ஆக்ஸலேட் கோஸில் மிகக் குறைவு. ஆக்ஸலேட் இருந்தால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கோஸில் அந்தத் தடை இல்லாததால் இருக்கிற கொஞ்சமும் நன்றாகச் சேரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோஸைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். சிறுநீரகம் பழுதாகி, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு வழக்கமாக அனுமதிக்கும் காய்களில் கோஸும் ஒன்று. சர்க்கரை நோயாளிகளுக்கும் இலை நிறையப் பரிமாறக்கூடிய காய்.

வைட்டமின் சி-யின் அருமையைக் கடலில் போனவர்கள்தான் முதலில் உணர்ந்தார்கள். மாதக்கணக்கில் பச்சைக் காய் இல்லாமல் கப்பலில் இருந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய புண்கள்கூடத் திறந்துகொள்ளும், கடைசியில் உயிர் போகும். ஸ்கர்வி என்கிற நோய். 1768-ல் என்டெவர் கப்பலில் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், உப்பில் ஊறிப் புளித்த கோஸைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டார். மாலுமிகள் அதைத் தொடவில்லை. குக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் சொன்னார், மற்றவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது, ஒரு வாரத்துக்குள் அளந்து கொடுக்க வேண்டிய நிலை. பிள்ளைகளைக் காய் சாப்பிட வைக்கப் பாடுபடுகிறவர்கள் இந்த உத்தியைக் குறித்துக்கொள்ளலாம். உண்மையில் புளித்த கோஸில் வைட்டமின் சி பச்சைக் கோஸில் இருப்பதில் பாதிக்கும் குறைவுதான். அதுவே அத்தனை உதவியிருக்கிறது.

சரி, அடுப்புக்கு வருவோம். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். கோஸைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைத்து, பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறார்கள் சிலர். வாசனை போவதற்காக அப்படிச் செய்கிறோம் என்பார்கள். வாசனையோடு சேர்ந்து வாங்கிய காரணமும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. அவசரத்துக்குச் சோடா உப்பு போடுவது அதைவிட மோசம். சீக்கிரம் குழையும், பச்சை நிறம் தூக்கலாக இருக்கும், ஆனால் வைட்டமின் சி சிதைவதும் வேகமாகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாசனையை உண்டாக்குவதே அதிக நேரம் வேகவைப்பதுதான். கோஸில் கந்தகச் சேர்மங்கள் நிறைய உண்டு. கடுகு, முள்ளங்கி, காலிஃபிளவர், நூக்கல் எல்லாம் ஒரே குடும்பம். காலிஃபிளவரும் நூக்கலும் கோஸும் செடியியல் கணக்கில் ஒரே இனம்கூட. மனிதர்கள் இலையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தால் கோஸ், பூவை வளர்த்தால் காலிஃபிளவர், தண்டைப் பருக்க வைத்தால் நூக்கல். கடுகின் காரத்துக்குக் காரணமான சினிக்ரின் என்ற சேர்மம் கோஸிலும் இருக்கிறது. பச்சைக் கோஸை மென்றால் மூக்கில் லேசாக ஏறுவது அதனால்தான். கோஸை வெட்டும்போதும் மெல்லும்போதும் செல்கள் உடைந்து, மைரோசினேஸ் என்ற நொதி இந்தச் சேர்மத்தோடு கலந்து காரமான பொருளாக மாற்றுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிகளில் பேசப்படுவது இந்த வகைப் பொருள்களைத்தான். ஆய்வுக்கூடத்தில் நல்ல அறிகுறிகள் தெரிகின்றன, இக்குடும்பக் காய்களை நிறையச் சாப்பிடுபவர்களைக் கவனித்த ஆய்வுகளும் உண்டு. அதை வைத்துக்கொண்டு கோஸ் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

அந்த நொதி 60, 70 டிகிரி சூட்டைத் தாண்டும்போது செயலிழக்கத் தொடங்கும். அதனால் கோஸை நறுக்கிவிட்டு ஒரு பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சமைத்தால், அடுப்பில் ஏறுவதற்கு முன்பே அதன் வேலை கொஞ்சம் நடந்துவிடும். தேங்காய் துருவி, மிளகாய் கிள்ளி முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். இன்னும் நீண்ட நேரம் வேகும்போதுதான் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து அந்த அழுகிய முட்டை வாடை கிளம்புகிறது. மாடியில் கோஸ் வேகிறது என்று வாசலிலேயே தெரிந்தால் அது வெந்து ரொம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

பொரியலுக்கு அகலமான வாணலி வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கோஸைக் கொட்டி, தீயை நன்றாக வைத்துப் புரட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் தெளிக்கவே தேவையில்லை, அதன் உடம்பே தண்ணீர். உப்பைக் கடைசியில் போட வேண்டும். முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொண்டு, வதங்குவதற்குப் பதில் வெந்துபோகும். லேசான நறநறப்பு இருக்கும்போதே இறக்கித் தேங்காய்ப்பூ தூவ வேண்டும். எலுமிச்சை நான்கு சொட்டு பிழிந்தால் இன்னும் நல்லது.

கூட்டைப் பொறுத்தவரை தண்ணீரை வடிக்காததால் கரைந்த சத்தும் கூட்டிலேயே தங்கிவிடும். ஆனால் பாசிப்பருப்பையும் கோஸையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விடுகிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. பருப்பை முக்கால் பதம் வேகவைத்துவிட்டு, பிறகு கோஸைப் போட்டு, திறந்த பாத்திரத்தில் முடித்தால் ருசியே வேறு. பருப்போடு சேர்வதில் இன்னொரு லாபம் உண்டு. பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் ஒட்டாது. வைட்டமின் சி கூட இருந்தால் அது சேர்வது கூடும். கோஸில் இரும்பு இல்லாவிட்டாலும் அடுத்தவன் இரும்பைச் சேர்த்துவிடுகிறது.

பச்சையாகச் சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம், வைட்டமின் சி முழுசாகக் கிடைக்கும். மெல்லிசாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறி, கேரட் துருவலும் ஊறவைத்த பாசிப்பருப்பும் சேர்த்தால் கோசுமல்லி. தயிர்ப் பச்சடியும் செய்யலாம். வயிற்று உப்புசம் உள்ளவர்கள் மட்டும் பச்சையாக நிறைய வேண்டாம். கோஸில் ராஃபினோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைச் சாப்பிட்டு வாயுவை உண்டாக்கும். கந்தகமும் இருப்பதால் வாயு கொஞ்சம் மணமாகவும் வரும், சொல்லித்தானே ஆக வேண்டும். பயறு வகைகளும் வாயுவைக் கிளப்புவது இதே வழியில்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் தங்கள் அளவைத் தாங்களே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தைராய்டு பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1928-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், செஸ்னி என்பவரின் குழு வேறொரு ஆராய்ச்சிக்காக முயல்களை வளர்த்துவந்தது. அவற்றுக்குத் தீனி பெரும்பாலும் கோஸ். முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்துவிட்டது. அங்கிருந்துதான் கோஸுக்கும் தைராய்டுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. முன்பு சொன்ன அதே கந்தகச் சேர்மங்கள் உடையும்போது தயோசயனேட் போன்ற பொருள்கள் உண்டாகி, தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. ஆக, கதைக்கு அடிப்படை உண்டு. ஆனால் அந்த முயல்கள் நாள் முழுக்க, மாதக்கணக்கில், பச்சைக் கோஸையே தின்றவை. நாம் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒரு கரண்டி, சமைத்துச் சாப்பிடுகிறோம். சமைக்கும்போது நொதி செயலிழந்து இந்தப் பொருள்கள் உருவாவதும் குறைகிறது. அயோடின் கலந்த உப்பும் வீட்டில் இருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் சமைத்த கோஸை அளவாகச் சாப்பிடலாம். தினமும் காலையில் ஒரு டம்ளர் பச்சைக் கோஸ் சாறு குடிக்கிறேன் என்று கிளம்புவதுதான் அவர்களுக்கு ஆகாது.

உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். இதய வால்வு மாற்றியவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. வைட்டமின் கே உறைய வைக்கும் பக்கம் இழுக்கும். இவர்கள் கோஸையும் கீரையையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்பதில்லை. இந்த வாரம் தினமும் கோஸ், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் செய்யக்கூடாது. வழக்கமான அளவு ஒரே மாதிரி இருந்தால் மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்வார். தைராய்டைப் பற்றி நூறு பேர் பேசுகிறார்கள், இதைச் சொல்ல ஆளில்லை.

புழு விஷயம். கோஸ் இலைகளுக்கு நடுவே நெளிகிற பச்சைப் புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அது இலை தின்னும், பிறகு கூடு கட்டிப் பூச்சியாகப் பறந்து போகும். மனிதர் உடம்பில் அதற்கு வாழ்க்கை கிடையாது. மூளையில் கட்டி உண்டாக்குவது நாடாப்புழு. அதன் முட்டைகள் மனித மலத்தில் இருந்து வருகின்றன. அந்த மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக் காய் எதுவானாலும், சரியாகக் கைகழுவாதவர் தொட்ட உணவு எதுவானாலும், அந்த முட்டை வயிற்றுக்குள் போகலாம். கொத்தமல்லித் தழை, கேரட், கீரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கோஸ் மடிப்பு மடிப்பாக இருப்பதால் பழி அதன் தலையில் விழுந்தது. நன்றாகக் கழுவிச் சமைத்தால் அந்த முட்டை பிழைக்காது. பச்சையாகச் சாப்பிடும்போதுதான் கழுவுவதில் கறாராக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் புழுவைவிட, புழுவுக்கு அடிக்கிற மருந்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இந்த அந்துப்பூச்சி மருந்துக்குப் பழகிப்போவதில் உலகப் பிரசித்தம். டிடிடி-க்குப் பழகியது, பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் பழகியது. பயிருக்கு அடிக்கும் பி.டி. (Bt) என்கிற நுண்ணுயிர் மருந்துக்கே வயலில் முதலில் பழகிக்கொண்ட பூச்சி இதுதான். அதனால் விவசாயி அடிக்கடி தெளிக்க நேர்கிறது. சிலர் கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைப்பார்கள். பூச்சி கடுகு வாசனைக்கு அங்கே போய் முட்டையிடும், கோஸ் தப்பிக்கும். நமக்குக் கைவசம் இருக்கிற வழி எளிது. வெளி மடல் இரண்டு மூன்றை உரித்துப் போடுங்கள். மீதியை நாலாக வகிர்ந்து உப்புத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் போட்டு, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். புழு இருந்தாலும் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு ஊறவைப்பதில்தான் சத்து போகிறது. வெளி மடல்தான் பச்சை அதிகம், வைட்டமினும் அதிகம் என்பது உண்மை. நம் மார்க்கெட் நிலவரத்தில் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்றால் உரிக்க வேண்டாம்.

அல்சருக்குக் கோஸ் சாறு என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. 1949-ல் கார்னெட் செனி என்ற அமெரிக்க மருத்துவர், 13 நோயாளிகளுக்குத் தினம் ஒரு லிட்டர் அளவில் கோஸ் சாறு கொடுத்துப் புண் சீக்கிரம் ஆறியதாக எழுதினார். அந்தப் பொருளுக்கு வைட்டமின் யு என்று பெயரும் வைத்தார். அது வைட்டமினே இல்லை. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா என்று பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பின்னால் நிரூபித்து, 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். இன்று அதற்கு இரண்டு வார மாத்திரை இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சாறு பிழிவது காலவிரயம். கோஸ் சூப் மட்டும் குடித்து ஏழு நாளில் எடை குறைப்பதும் அப்படித்தான். குறைவது பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீர். புரதம் இல்லாமல் தலைசுற்றல் வருவது மிச்சம்.

மடலை வெளியே கட்டுவதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. தாய்ப்பால் கட்டிக்கொண்டு மார்பு கனத்து வலிக்கும்போது, கழுவி ஃப்ரிட்ஜில் குளிரவைத்த மடலை வைத்துக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. வலி குறையலாம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, ஆனால் உறுதியான சான்று என்று சொல்லும் அளவுக்கு இல்லை. காய்ச்சல் வந்தால் மடலை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் மடலைக் கட்டி ஜெர்மனியில் 81 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2016-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிட வலி குறைந்தது, வலி மருந்துக் களிம்பைவிடச் சிறப்பாக இல்லை. ஒரு மடல்தானே, முயன்று பார்ப்பதில் கெடுதல் இல்லை.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குத் தெரிகிற அளவைவிடக் கையில் கனமாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். காம்பு வெட்டிய இடம் வெளுப்பாக இருந்தால் புதுசு. பெரிய காயைவிட நடுத்தரக் காய் மேல். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துக் காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்துதான் பல ஊர்களுக்குப் போகிறது. முழுக் காயாக ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. வெட்டிய பாதியை இறுக்கமாகச் சுற்றி நாலைந்து நாளில் முடித்துவிட வேண்டும். கடையில் நறுக்கிப் பாக்கெட்டில் விற்பது வசதிதான். எப்போது நறுக்கியது, எந்தத் தண்ணீரில் அலசியது என்பதுதான் தெரியாது.

ஊதாக் கோஸ் கிடைத்தால் வாங்கலாம். வைட்டமின் சி பச்சையைவிட ஒன்றரை மடங்கு. ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளும் உண்டு. சமைத்தால் நீலம் பாய்ந்து பார்க்க ஒரு மாதிரி ஆகும். கொஞ்சம் எலுமிச்சையோ வினிகரோ விட்டால் சிவப்பு திரும்பிவிடும். அதன் சாற்றில் எலுமிச்சை விட்டால் இளஞ்சிவப்பு, சோடா உப்பு போட்டால் நீலம் கலந்த பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் சொல்லிக்கொடுக்கக் காசில்லாத பரிசோதனை.

அப்புறம், கோஸை நாம் காயாக மட்டுமா சாப்பிடுகிறோம்? கோயம்புத்தூர் ரோட்டுக்கடைக் காளானில் பாதிக்கு மேல் கோஸ்தான், தெரியாமல் ரசித்துக்கொண்டிருக்கிறோம். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், மோமோ எல்லாவற்றிலும் அதுதான் நிரப்பு. அடை மாவில் பொடியாக நறுக்கிப் போட்டால் அடை மிருதுவாக வரும். மசால் வடையில் வெங்காயம் விலை ஏறும் நாட்களில் டீக்கடைகளில் கோஸ் ஏறிவிடும். காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளியோடு வதக்கி அரைத்தால் இட்லிக்கு நல்ல துவையல். முட்டை உடைத்து ஊற்றிய கோஸ் பொரியல் சோற்றுக்கே போதும், புரதக் குறையும் தீரும். இலங்கையில் கோவா வறை என்பார்கள், நுவரெலியாக் கோஸைத் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். நான் மேலே சொன்ன சமையல் இலக்கணத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. திவசச் சமையலில் மட்டும் பல வீடுகளில் கோஸுக்கு இடமில்லை. இங்கிலீஷ் காய் என்று தள்ளிவைத்தது இன்னும் தொடர்கிறது.

புளித்த கோஸ் செய்து பார்க்க ஆசைப்பட்டால், ஒரு கிலோ கோஸை மெல்லிசாகச் சீவி, 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டு நீர் விடும்வரை கையால் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அமுக்கி அடையுங்கள். காய் தன் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், மூழ்காத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். குளிர் நாடுகளில் வாரக்கணக்கில் விடுவார்கள். நம் வெயிலுக்கு நாலைந்து நாளிலேயே புளிப்பு ஏறிவிடும், உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றாவிட்டால் கொழகொழத்துப் போகும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நினைவில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

நடுத்தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தோல் சீவிவிட்டு வட்டமாக நறுக்கிச் சாம்பாரில் போட்டால் நூக்கல் மாதிரியே இருக்கும். உரித்த வெளி மடல்களை மாட்டுக்குப் போடுபவர்கள் பால் கறந்த பிறகு, கொஞ்சமாகப் போடுங்கள். கறப்பதற்கு முன் போட்டால் பாலில் கோஸ் வாடை அடிக்கும். கூடை கூடையாகப் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும்.